கொயினாப் பெட்டி

பின்வாசலில் ஆள் நிழல் விழுந்தாலே ருக்குமணிக்கு வயிற்றைக் கலக்கும். மழை விட்டு, கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் கரிமூட்டங்கள் புகையத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். வருகிறவர்கள் உப்புக் கேட்க வந்திருப்பார்கள். அல்லது ஒரு முறம் சாமையைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருப்பார்கள். ஆனாலும் அவளுக்கு முதலில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். தெரிந்துபோய்விட்டது, கேட்க வந்துவிட்டார்கள்.

அன்றைக்கு வந்தவள் பெருமாயி. மூட்டம் போடுகிறவர்களுக்கெல்லாம் தலையாளாக இருந்த சென்றாயனின் பெண்சாதி. ஓடி வந்திருக்கிறாள் போல, மூச்சு வாங்கியது.

"ஏனுங்க அம்மணி, எங்க ராமாயிக்கு மொறைக்காச்சலுங்க. ஒரு நா உட்டு ஒரு நா தூக்கித் தூக்கிப் போடுது. கொயினா ஏதாச்சும் இருக்குங்களா? தூளா இருந்தாலும் சரிங்க, மாத்தரையா இருந்தாலும் சரிங்க."

"இல்லியே பெருமாயி. இருந்தா குடுக்க மாட்டனா?"

யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. போன வாரம் மூட்டத்தில் வேலை செய்கிற அப்பாசாமி தன் மருமகளுக்காக வந்து நின்றபோதும் இதையேதான் சொன்னாள். அன்று நாக்கு கொஞ்சம் தடுமாறியது. இன்று தடுமாறவில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ சில்லிட்டது.

"அதானே, இருந்தா குடுக்காமயா இருப்பீங்க" என்றாள் பெருமாயி. அப்படியே நம்பிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ருக்குமணி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கட்டிலுக்கு அடியில் பச்சைத் தகரப் பெட்டி இருந்தது. அதன் சாவி அவள் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. பெட்டி நிறைய, பழந்துணி சுற்றி அடுக்கிய சீசாக்களில், மலைக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகள்.

அவள் பிறவியிலேயே அப்படிப்பட்டவள் இல்லை. அவள் புருஷன் அர்த்தனாரியும் அப்படி இல்லை. அவர் சேந்தமங்கலத்தில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும் சேலத்துப் பஸ்களெல்லாம் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடத் தொடங்கின. எங்கே கரி, எங்கே கரி என்று ஊரே அலைந்தது. கொல்லிமலையில் மரம் வெட்டிக் கரி சுடும் குத்தகை அர்த்தனாரிக்கு வாய்த்தது; மூட்டம் போடும் மாதங்களில் குடும்பமும் மலைமேலேயே தங்கியது. இரண்டே வருஷத்தில் சேந்தமங்கலத்தில் மாடி வீடு எழும்பிற்று. அடிவாரத்தில் நஞ்சை வாங்கினார். அறப்பளீஸ்வரர் கோவிலுக்கு ஆளுயர வெண்கல விளக்குச் செய்து கொடுத்தார். ஆடிப் பதினெட்டுக்கு மலை ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். தர்மவான் என்று ஊர் சொன்னது. அவரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

முதல் வருஷம் அவர்களுடைய மூத்த பையன் சின்னுசாமிக்கு மலைக் காய்ச்சல் கண்டது. கொயினா வாங்கி வர அடிவாரத்து டாக்டரிடம் ஆள் ஓடினான். அவன் மருந்தோடு திரும்பி மலை ஏறி வந்தபோது பையன் இல்லை. ருக்குமணி அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் புருஷனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"இனி எந்தக் காலத்திலயும் நம்மூட்டுல கொயினா இல்லீங்கற பேச்சே இருக்கக் கூடாதுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

கொயினா விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கொயினா வருவதே நின்றுபோயிருந்த சமயம் அது. ஆனாலும் அர்த்தனாரி வாங்கினார். சேந்தமங்கலத்தில் வாங்கினார், ராசிபுரத்தில் வாங்கினார், நாமக்கல்லில் கடை கடையாக ஆள் விட்டு வாங்கினார். விலை ஏறினால் ஏறின விலைக்கு வாங்கினார். மற்றவர்களால் அது முடியவில்லை, அவரால் முடிந்தது. சுற்று வட்டாரத்தில் இருந்த மருந்தெல்லாம் மெல்ல மெல்ல அந்தப் பச்சைப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த ஒரே குழந்தை அத்தாயிக்கு நான்கு வயது. அவளுக்காக என்றுதான் வாங்கியது. அவள் கிழவியாகிற வரைக்கும் தின்றாலும் தீராது. இது ருக்குமணிக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு சீசா வந்து சேரும்போதும் இன்னும் ஒன்று இருந்தால் நல்லது என்றே அவளுக்குத் தோன்றியது.

பெருமாயி வந்துபோன மறுநாள் விடிந்ததும் பறைச் சத்தம் கேட்டது. அப்பாசாமியின் மருமகள் போய்விட்டாள். கைக்குழந்தைக்காரி.

ருக்குமணி அத்தாயியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். வெளியே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. பறைச் சத்தம் நிற்கும் வரைக்கும் கட்டிலின் மேல், அந்தப் பெட்டிக்கு நேர் மேலே, குழந்தையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அர்த்தனாரி மூட்டத்திலிருந்து வந்தார். முகமெல்லாம் கரி. கதவை ஒருக்களித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஊட்டுக்கு ஊடு படுத்துக் கெடக்கறாங்க ருக்கு. மூட்டத்துக்குப் பாதி ஆளு இல்லை. இனி இங்க இருக்கறது ஆவாது. நாளைக்குக் காலையில எறங்கிருவோம்."

"பொட்டி?"

"அதுவுந்தான். இங்க உட்டுட்டுப் போனா நடக்கறதே வேற."

அவள் இடுப்புக் கயிற்றுச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, கொஞ்சத்தை எடுத்துக் குடுத்துட்டுப் போயிரலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணிலும் பயம்தான் இருந்தது, கோபம் இல்லை.

"யாருக்குக் குடுப்பே? பெருமாயிக்கா? அவளுக்குக் குடுத்தா பக்கத்தூட்டுக்காரி சும்மா இருப்பாளா? அப்பறம் பக்கத்துப் பெரக்கரை நாட்டுக்காரன் வருவான். ஒருத்தனுக்குத் தொறந்த பொட்டியை அடுத்தவனுக்கு மூட முடியாது. இல்லீன்னு நீ சொன்னது பொய்யின்னு ஊருக்கே தெரியும். ராத்திரி செத்த பொண்ணுக்குப் பதில் சொல்லணும். நான் தர்மம் பண்ணாத ஆளா சொல்லு? விளக்குக் குடுக்கலையா, சோறு போடலையா? இது நம்ம புள்ளை உசிரு. இதுல கை வெக்காதே."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்கும் ஏற்கெனவே தோன்றியதுதான். 

மறுநாள் காலையில் டோலி வந்தது. மூங்கிலில் கட்டிய டோலி. தூக்குகிறவர்கள் நான்கு பேர். அவர்களில் முன்னால் நின்றவனைப் பார்த்ததும் ருக்குமணிக்கு உடம்பு மரத்துப்போயிற்று. அப்பாசாமி. தலையை மழித்திருந்தான். நல்ல ஆளெல்லாம் படுத்துவிட்டதால் துக்க வீட்டிலிருந்து அவனே வந்திருக்கிறான். வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் வேண்டும், கூலி வேண்டும். அவன் யாரையும் பார்க்காமல் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டான்.

பச்சைப் பெட்டியைத் தூக்கச் சென்றாயன் வந்தான்.

"நீயேன் சென்றாயா? உம்புள்ளை படுத்திருக்குதே" என்றார் அர்த்தனாரி.

"அதுக்குத்தானுங்க வாரேன். கீழ போயி எப்படியாச்சும் கொயினா வாங்கிட்டு வந்தரணுமுங்க. சும்மா போறதுக்குப் பொட்டியத் தூக்கிட்டுப் போனாக் கூலியும் ஆச்சுங்களே."

சும்மாடு கட்டி, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான். ருக்குமணி குழந்தையோடு டோலியில் உட்கார்ந்தாள். அர்த்தனாரி பின்னால் நடந்தார்.

மார்கழிப் பனி பாதையை மூடியிருந்தது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் எதுவுமே இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும் நின்றது. எப்போதாவது அது விலகும்போது அடியில் மர உச்சிகள் தெரியும். நனைந்த சருகு, அதற்கடியில் வழுக்குப் பாறை. டோலி சாயும்போதெல்லாம் ருக்குமணி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணை மூடினால் காது திறந்துகொண்டது. முன்னால் போகும் சென்றாயனின் தலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சலங் சலங் என்று, சின்னதாக. பழந்துணியை இன்னும் இறுக்கிச் சுற்றியிருக்க வேண்டும்.

"உள்ள என்னமோ கலகலங்குதுங்க அம்மணி" என்றான் சென்றாயன், திரும்பாமல்.

"புள்ளையோட சோழி" என்றாள். மூன்றாவது பொய்.

"அப்பச் சரிங்க. எதாச்சும் ஒடைஞ்சிருச்சோன்னு பாத்தேன்." சிறிது தூரம் போன பிறகு மறுபடி கேட்டான். "சேந்தமங்கலத்துல கெடைக்குமுங்களா அம்மணி, கொயினா? கடையில இருக்குமில்லீங்க?"

 சேந்தமங்கலத்தில் எந்தக் கடையிலும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். கடைசிச் சீசாவை வாங்கியதே அவர்கள்தான்.

"கெடைக்குமப்பா, கெடைக்கும். எங்கியாச்சும் இருக்கும்" என்றார் அர்த்தனாரி பின்னாலிருந்து.

"ராசிபுரம் வரைக்கும் போனாலும் சரிங்க. நடந்தே போயிட்டு வந்தர்றேன்."

முன்னே மூங்கிலைத் தாங்கியிருந்த அப்பாசாமியின் மொட்டைத் தலையில் பனித்துளிகள் உருண்டன.  இந்தப் பேச்சு அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் இடுப்பில் செடி கொடி வெட்டுகிற கொடுவாள் செருகியிருந்தது. எல்லார் இடுப்பிலும் இருந்தது. தினமும் பார்க்கிற கொடுவாள்தான். அன்று ருக்குமணியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இவர்களுக்கு இப்போது தெரிந்தால்? இந்தக் காட்டில், இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் தெரிந்தால்?

பாதை மிகவும் குறுகுகிற இடத்தில், சென்றாயனின் கால்கள் ஆடுவதை அவள்தான் முதலில் பார்த்தாள். பாறை வழுக்குகிறது என்று நினைத்தாள். பிறகு அவன் முதுகு நடுங்கியது. தோள் நடுங்கியது. பெட்டியைப் பிடித்திருந்த கை உதறியது. சலங் சலங் என்ற சத்தம் நிற்காமல், ஒரே ஓட்டமாகக் கேட்டது.

"சென்றாயா!" என்று கத்தினாள்.

"ஒண்ணுமில்லீங்க... அம்மணி. குளுருங்க. ப... பொட்டிய உட மாட்டனுங்க."

பல் கிட்டித்துப்போனதில் பேச்சு உடைந்து உடைந்து வந்தது. அவனுக்கும் முறைக்காய்ச்சல் கண்டுவிட்டது. பள்ளத்துப் பக்கமாக அவன் ஒரு முறை சாய்ந்தான். டோலி தூக்கியவர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள். இறக்கி வைக்கவும் இடம் இல்லை. அர்த்தனாரி பாறையை ஒட்டிப் பிதுங்கி முன்னால் ஓடி, ஒரு கையால் அவன் இடுப்பையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தார். அப்படியே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, சுமை இறக்கி வைக்கிற கல் இருக்கும் அகலமான இடத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்தார்கள். பெட்டியைக் கல்லின் மேல் வைத்ததும் சென்றாயன் சுருண்டு விழுந்தான். அப்பாசாமி தன் கம்பளியை அவிழ்த்து அவன் மேல் போர்த்தினான். கம்பளி துள்ளியது.

"பொ... பொட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே" என்றான் சென்றாயன்.

ருக்குமணி டோலியிலிருந்து இறங்கினாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அர்த்தனாரி அதைப் பார்த்துவிட்டார். அவள் பக்கத்தில் வந்து, பாறையைப் பார்ப்பது போலத் திரும்பி நின்று, உதடு அசையாமல் பேசினார்.

"வேண்டாம் ருக்கு. இங்க வேண்டாம். அப்பாசாமி நிக்கறான். கீழ போயிரலாம். கீழ போனதும் நானே ஒரு சீசா குடுத்து உடறேன். எங்கியோ வாங்குனதாச் சொல்லிக் குடுத்து உடறேன்."

"அதுக்குள்ள இவன் செத்துப் போயிருவானுங்க."

"நம்மள வெட்டிப் போட்டா? புள்ளைய நெனைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். அதைத் தவிர வேறு எதையும் அவள் அந்த ஒரு வருஷமாக நினைத்ததே இல்லை. நினைத்து நினைத்துத்தான் இந்தப் பெட்டி நிறைந்தது. இந்தப் பயத்துக்கு ஒரு அளவே கிடையாது, இன்னும் பத்துப் பெட்டி இருந்தாலும் இது இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. விளங்கியதால் பயம் குறையவில்லை.  சாவி பூட்டுக்குள் போகாமல் இரண்டு முறை தவறியது.

மூடியைத் திறந்தாள். பழந்துணியை விலக்கினாள். சீசாக்கள் வரிசையாக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

 பின்னால் தூக்கி வந்த இருவரில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினான். ருக்குமணி ஒரு சீசாவைத் திறந்து, மாத்திரையைச் சென்றாயனின் வாயில் போட்டு, சுரைக்குடுக்கைத் தண்ணீரைச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவள் நிமிர்ந்தபோது அப்பாசாமி அவளுக்கு எதிரில் நின்றிருந்தான்.

"அன்னிக்கே இருந்துச்சுங்களா?" என்று கேட்டான்.

அர்த்தனாரி சட்டென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ருக்குமணிக்குக் காது இரைந்தது. இல்லை, நேற்றுத்தான் வந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது.

"இருந்துச்சுங்க அண்ணா" என்றாள். "நான் பொய் சொன்னேன்."

அப்பாசாமியின் கை இடுப்புக்குப் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தான். வெகு நேரம் நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி நான் தூக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே மலையேறிப் போனான். அவன் காலடிச் சத்தம் பனிக்குள் ஓய்ந்தது.

"போச்சு. ஊரையே கூட்டிட்டு வரப் போறான்" என்றார் அர்த்தனாரி. "நட, நட. நான் புள்ளையத் தூக்கிக்கறேன். பொட்டிய இவங்க ஆளுக்கொரு கை புடிக்கட்டும்."

"பொட்டி மேல போகுதுங்க" என்றாள் ருக்குமணி.

"என்னது?"

"நானும் போறேன். நீங்க புள்ளையக் கூட்டிட்டு எறங்குங்க."

அவர் அவளைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கெஞ்சினார், திட்டினார். அவள் அதற்கெல்லாம் பதில் சொல்லாமல் ஒரு சீசாவை எடுத்து அவர் மடியில் செருகினாள்.

"இது அத்தாயிக்கு."

"இது ஒண்ணா? இது பத்தலீன்னா?"

"ஒரு காச்சலுக்கு இது தாராளமுங்க. டாக்டர் சொன்னாருல்ல."

"ரெண்டு தடவை வந்தா?"

அவள் இன்னொரு சீசாவின் மேல் கை வைத்தாள். எடுக்கலாமா? எடுத்தால் மூன்றாவது தடவை வந்தால் என்று அவர் கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் அவளே கேட்பாள். கையை எடுத்து மூடியைச் சாத்தினாள்.

"வந்தா எனக்கும் தெரியலீங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது. "எனக்கு நடுக்கமாத்தான் இருக்குது. ஆனா இவங்க எரிச்ச கரியிலதானுங்க இத்தனையும் வாங்குனோம். நம்ம கையில காசு இருந்துச்சுன்னு கடையில இருந்ததையெல்லாம் வழிச்சு எடுத்துட்டு வந்துட்டோம். அதுல இவங்க புள்ளைங்களோடதும் இருக்குது."

அர்த்தனாரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடென்று இறங்கினார். அத்தாயி அவர் தோளுக்கு மேல் கையை நீட்டி அம்மா அம்மா என்று கத்தியது பனிக்குள் நெடு நேரம் கேட்டது.

நடுக்கம் தணிந்து சென்றாயனுக்குக் காய்ச்சல் ஏறியதும், ஒருவன் அவனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, ருக்குமணி மலை ஏறினாள். எந்தத் திருப்பத்தில் ஊரே எதிரில் வந்து நிற்குமோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கால் பின்னியது. யாரும் வரவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அவர்கள் கல் எடுத்திருந்தால் ஓடியிருக்கலாம். திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அவர்கள் சும்மா பார்த்தார்கள். அந்தப் பார்வைகளுக்கு நடுவே நடப்பது, பள்ளத்தின் ஓரத்தில் நடந்ததைவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

"வழி உடுங்க. மருந்து வருதில்ல" என்றான் சென்றாயன், காய்ச்சல் குரலில்.

பெருமாயி தன் வீட்டு வாசலில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள், ருக்குமணியைப் பார்த்தாள்.

"இல்லீன்னு சொன்னீங்களே அம்மணி."

"சொன்னேன்."

"இருந்தா குடுக்க மாட்டனான்னு கேட்டீங்களே."

ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள். பெருமாயி கையை நீட்டினாள். "குடுங்க. புள்ளை உள்ள கெடக்குது. மத்ததை அப்பறம் பேசிக்கலாம்."

ராமாயி பாயில் கிழிந்த துணி போலக் கிடந்தாள். மாத்திரையின் கசப்புக்கு வாயைக் கூடச் சுளிக்கவில்லை. ருக்குமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகனுக்கு என்று டாக்டர் சொல்லியனுப்பி, கொடுக்க முடியாமல் போன முறைப்படியே, கஞ்சி குடிக்க வைத்து வேளை தவறாமல் கொடுத்தாள். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. அப்பாசாமியின் வீட்டுக்குப் போக மட்டும் தைரியம் வரவில்லை. அங்கே அவன் மகனும் படுத்திருந்தான். பெருமாயிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பாசாமி மருந்தை வாங்கி வைத்துக்கொண்டான் என்றாள். வேறு என்ன சொன்னான் என்று ருக்குமணி கேட்கவில்லை.

பெட்டியின் அடித் தகரம் தெரியத் தொடங்கியதும் பழைய பயம் வேறு உருவில் வந்தது. கீழே குழந்தைக்கு இப்போது எப்படி இருக்கும்? ஒவ்வொரு மாத்திரையை எடுக்கும்போதும் அது அத்தாயியின் வாயிலிருந்து எடுப்பது போலிருந்தது. ஒரு நாள் கடைசிச் சீசாவை முந்தானைக்குள் முடிந்தே வைத்துவிட்டாள். பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு கிழவன் பேரனை முதுகில் சுமந்துகொண்டு வந்து நின்றான். முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. அவிழ்த்துக் கொடுத்தாள்.

எல்லாரும் பிழைக்கவில்லை. முன்பே ரத்தம் வற்றிப்போயிருந்த சிலர் போனார்கள். சென்றாயன் எழுந்து நடமாடினான். ராமாயி மெல்ல மெல்லத் தேறி, சாமைச் சோறு கேட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுப் பெருமாயி சிரித்தாள், ருக்குமணியும் சிரித்தாள். இருவர் கண்ணும் சந்தித்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

தைப் பொங்கல் கழிந்து அடிவாரத்திலிருந்து ஆள் வந்தது. அத்தாயிக்குக் காய்ச்சல்.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சேந்தமங்கலத்து மாடி வீட்டில் அர்த்தனாரி தாடியும் பரட்டைத் தலையுமாகக் குழந்தையின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார். சீசாவில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இருவரும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்து, காய்ச்சல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார்கள்.  ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஆள் விட்டிருந்தார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியும் எங்கேயும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவனாகத் திரும்பி வந்தான். பணம் இருந்தும் கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்பதை அர்த்தனாரி அந்த நாட்களில்தான் அறிந்தார்.

கடைசி மாத்திரை தீர்ந்த மறுநாள், நடுக்கம் வர வேண்டிய வேளை வந்து, கடந்து போயிற்று. குழந்தை தூங்கியது. நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது.

அர்த்தனாரி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் முதுகு குலுங்கியது. திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணு கொறைஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே ருக்கு?"

"செத்திருப்பேனுங்க" என்றாள். சற்றுக் கழித்து, "நிறைச்சு வெச்சிருந்தா மட்டும் நல்லாவா இருந்திருப்பேன்?" என்றாள். 

மலைக்கே மருந்து கொடுத்த மகராசன் என்று சேந்தமங்கலத்தில் பேச்சுப் பரவியது. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் அர்த்தனாரியைக் கும்பிட்டார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடையை எட்டிப் போட்டார். ஆனால் அடுத்த பருவத்துக்கு மூட்டம் போடுவதற்கு முன்னால், சேலத்துக்கு நாலு நடை நடந்து, கிடைத்த மருந்தை வாங்கி மலைக்கு அனுப்பிவிட்டுத்தான் முதல் மரத்தில் கோடாலி வைக்கச் சொன்னார். கரி விற்ற பணத்தில் செலவெல்லாம் போக மிச்சம் பார்த்து அனுப்புகிற வழக்கம் வேண்டாம், மருந்துக்கான பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ருக்குமணி சொன்னபோது முணுமுணுத்தார். எடுத்து வைத்தார். "கரி சுட ஆளு உசிரோட இருக்கணுமில்ல" என்று காரணம் சொன்னார். அது மட்டும்தானா காரணம் என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் மருந்து வீட்டை விட்டுப் போகும்போது அவள் வயிறு கலங்கத்தான் செய்தது. கலங்கட்டும் என்று வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வைத்தாள்.

அதற்கு அடுத்து வந்த ஆடியில் கோவிலுக்குப் போவதற்காக அத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மலை ஏறினாள். டோலி வேண்டாம் என்றுவிட்டாள். பாதி வழியில், பாதை குறுகுகிற இடத்தில், மேலிருந்து அப்பாசாமி இறங்கி வந்தான். முதுகில் பேரப்பிள்ளையைத் துணியில் கட்டியிருந்தான். அன்றைக்குப் பிறகு அவன் அர்த்தனாரியின் மூட்டத்துக்கு வேலைக்கு வரவில்லை. அவளோடு ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ருக்குமணி குழந்தையை இழுத்துக்கொண்டு பாறையோடு ஒட்டி நின்றாள். பள்ளத்துப் பக்கமாக அவன் வந்தான். 

அவன் அவளைப் பார்க்கவில்லை. அத்தாயியின் எதிரில் ஒரு கணம் நின்றான்.

"பாத்துப் போ கண்ணு, வழுக்கும்" என்றான். இறங்கிப் போனான்.